இரண்டு இருபத்துநான்குகள்

நெய்வேலி ஆர்ச் கேட்டில் கும்பகோணம் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வடலூர் வந்துவிடும். வள்ளலார் 1872-இல் அங்கே நிறுவிய சத்திய ஞான சபைக்கு எட்டுப் பக்கங்கள். உள்ளே எரியும் விளக்கை ஏழு திரைகள் மறைத்திருக்கின்றன: கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியாகப் பல வண்ணமும் கலந்த ஒன்று. மாதந்தோறும் பூசத்தன்று ஆறு திரைகளை மட்டும் விலக்கி ஜோதி காட்டுவார்கள். தைப்பூசத்தன்று ஏழும் விலகும். நெய்வேலி டவுன்ஷிப்பின் பொறியாளர்களும் ஆசிரியர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு அந்தக் கூட்டத்தில் நிற்பார்கள்.

கொஞ்சம் இயற்பியல் படித்தவருக்கு அங்கே ஏழு என்ற எண் கண்ணில் படாமல் போகாது. அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் விட்டன் 1995-இல் முன்வைத்த எம்-கோட்பாட்டின்படி உலகத்துக்கு மொத்தம் 11 பரிமாணங்கள். நீளம், அகலம், உயரம், காலம் ஆகிய நான்கை நாம் அறிவோம். மிச்சம் ஏழு. அந்த ஏழும் நம் கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாமல் சுருண்டு மறைந்திருக்கின்றன என்கிறது கோட்பாடு.

ஏழு திரை, ஏழு மறைந்த பரிமாணம். ‘வள்ளலார் அன்றே சொன்னார்’ என்று தொடங்கும் மேடைப்பேச்சுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நடராசர் சிலை செர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் நிற்பதையும் சேர்த்துக்கொண்டால் கைதட்டல் நிச்சயம். அந்தச் சிலை 2004-இல் இந்திய அரசு அன்பளிப்பாகத் தந்தது. டவுன்ஷிப்பிலேயே பெரிய நடராசர் கோயில் இருப்பதால் இந்தப் பேச்சு இங்கே சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பொருத்தத்துக்கு என்ன மதிப்பு என்பதுதான் கேள்வி. அதைச் சரியாகக் கேட்க வேண்டுமானால், பொருத்தத்தை அதன் முழு பலத்தோடு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஏழை விடப் பெரிய பொருத்தம் ஒன்று இருக்கிறது. சைவ சித்தாந்தம் எண்ணும் தத்துவங்கள் 36. அவற்றில் ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5. இப்போது ஸ்ட்ரிங் தியரி என்ற இழைக் கோட்பாட்டுக்கு வருவோம். பொருளின் அடிப்படை புள்ளித் துகள் அல்ல, அதிரும் மெல்லிய இழை என்பது அதன் தொடக்கம். அதன் மிக எளிய வடிவத்தில் இழை பக்கவாட்டில் அதிரக்கூடிய திசைகள் 24. எம்-கோட்பாட்டில் மறைந்த பரிமாணங்கள் 7. இழைக் கோட்பாட்டின் மேம்பட்ட வடிவங்களாக விட்டன் ஒன்றாகக் கோத்துக் காட்டிய மீயிழை (சூப்பர்ஸ்ட்ரிங்) கோட்பாடுகள் 5. சித்தாந்தத்தில் 24, 7, 5. இயற்பியலிலும் 24, 7, 5.

படித்ததும் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் அதே கையோடு இன்னும் சில எண்களையும் பார்த்துவிட வேண்டும். மீயிழைக் கோட்பாடுகள் ஒவ்வொன்றுக்கும் 10 பரிமாணம், மறைந்தவை 6. நமக்கு ஆறு ஆதாரங்கள் உண்டு, ஆறு முகமும் உண்டு. எளிய இழைக் கோட்பாட்டுக்கு 26 பரிமாணம், மறைந்தவை 22. இசையில் 22 சுருதிகள் உண்டு. பத்துக்கு அவதாரங்கள், பதினொன்றுக்கு உருத்திரர்கள். இயற்பியல் எந்த எண்ணைச் சொல்லியிருந்தாலும் நம் மரபில் அதற்கு ஓர் இடம் தயாராக இருந்திருக்கும். இரண்டாயிரம் ஆண்டுகளாக எண்ணி எண்ணி வகுத்த மரபு இது. எதோடும் பொருந்தக்கூடிய பட்டியல் ஒன்றோடு பொருந்தியதால் எந்தச் செய்தியும் கிடைப்பதில்லை.

எனவே எண் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, அது எப்படி வந்தது என்று கேட்க வேண்டும்.

ஆன்ம தத்துவத்தின் 24 வந்த வழி தெளிவானது. பூதம் ஐந்து, தன்மாத்திரை ஐந்து, அறிவுப் பொறி ஐந்து, தொழிற்பொறி ஐந்து, இவற்றோடு மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற அகக் கருவிகள் நான்கு. ஐந்நான்கு இருபதும் நான்கும் இருபத்துநான்கு. ஒரு மனிதன் உலகத்தைப் பார்த்து, தொட்டு, நடந்து, பேசி, நினைத்து வாழ்வதைக் கூர்ந்து கவனித்தவர்கள் போட்ட கணக்கு இது. சிதம்பரத்தில் பொன்னம்பலக் கூரையின் ஓடுகள் 21,600 என்றும் ஆணிகள் 72,000 என்றும் மரபு சொல்கிறது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. உடம்பின் நாடிகள் 72,000. கோயிலை உடம்பாகக் காட்ட நினைத்தவர்கள் அந்த எண்களைத் தெரிந்தே அங்கே வைத்தார்கள். அவை மனிதன் பொருள் கருதித் தேர்ந்தெடுத்த எண்கள். அதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது.

இழையின் 24 வந்த வழி வேறு. அதைச் சொல்ல அதே சாலையில் இன்னும் தெற்கே, சேத்தியாத்தோப்பைத் தாண்டிக் கும்பகோணம் வரை போக வேண்டும்.

கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன் 1913 பிப்ரவரி 27 அன்று, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராக இருந்தபோது, கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு இரண்டாவது கடிதத்தை எழுதினார். 1 + 2 + 3 + 4 + … என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால், தம் கொள்கைப்படி −1/12 வரும் என்று அதில் குறிப்பிட்டார். இதைக் கேட்டால் தம்மைப் பைத்தியக்கார விடுதிக்குப் போகச் சொல்வீர்கள் என்றும் அவரே எழுதினார். ஹார்டிக்கு அப்படித் தோன்றவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் தொட்ட விஷயம் அது. 1859-இல் ரீமன் அதற்கு உறுதியான அடித்தளம் இட்டிருந்தார். சாதாரணக் கூட்டலில் அந்தத் தொகை முடிவிலிதான். அந்த முடிவிலியை முறைப்படி பிரித்து விலக்கிய பிறகு எஞ்சுவதே −1/12.

இதைக் காகிதத்து விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948-இல் கேசிமிர் கணித்தார். அந்தக் கணக்கிலும் இதே வகைத் தொடர் வருகிறது. 1, 2, 3 என்பவற்றின் கனங்களைக் கூட்டி, முடிவிலியை விலக்கினால் 1/120 மிஞ்சும். 1997-இல் ஸ்டீவ் லமரோ அந்த விசையை நுட்பமாக அளந்தும் காட்டினார்.

இழையின் கணக்கு இப்படிப் போகிறது. இழை 1, 2, 3 என்று எத்தனையோ அதிர்வு நிலைகளில் அதிரலாம். குவாண்டம் விதிப்படி ஒவ்வொரு நிலையும், சும்மா இருக்கும்போதுகூட, தன் எண்ணில் பாதி அளவு ஆற்றலை வைத்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் 1 + 2 + 3 + … என்பதில் பாதி, அதாவது −1/24. இது இழை அதிரக்கூடிய ஒரு திசைக்கான கணக்கு. இழையை ஒரு படி அதிரவைத்தால் ஒன்று கூடுகிறது. அந்த முதல் அதிர்வுக்கு நிறை இருக்கக் கூடாது. இருந்தால் ஐன்ஸ்டைனின் சார்பியலோடு கோட்பாடு மோதும். நிறை பூச்சியமாக வேண்டுமென்றால் சும்மா இருக்கும் ஆற்றல் மொத்தம் −1 ஆக வேண்டும். ஒரு திசைக்கு −1/24 என்றால் 24 திசைகள் தேவை. பக்கவாட்டுத் திசைகள் 24, இழை ஓடும் திசை ஒன்று, காலம் ஒன்று, மொத்தம் 26. 25 என்றாலும் 27 என்றாலும் சமன்பாடு இடறுகிறது. 1971-இல் கிளாட் லவ்லேஸ் 26 என்ற எண்ணைக் கண்டபோது யாரும் அதை விரும்பவில்லை. நான்கு பரிமாண உலகில் வாழ்கிறவர்களுக்கு 26 என்ற விடை சங்கடம்தான். விரும்பாதவர்கள் மேலும் கணக்கு திணித்த எண் அது.

ஒரு 24 மனிதனைக் கவனித்து எண்ணியது. மற்றொன்று யாரும் கேட்காமலே சமன்பாட்டுக்குள்ளிருந்து வந்து நின்றது. உருவத்தில் ஒன்றாக இருந்தாலும் இவை ஒரே குடும்பம் அல்ல.

ராமானுஜனுக்கும் இந்த 24-க்கும் உறவு அந்தக் கடிதத்தோடு முடியவில்லை. 1916-இல் வெளியான ஆய்வுரையில் அவர் ஒரு முடிவில்லாப் பெருக்கலை எடுத்து, ஒவ்வோர் உறுப்பையும் 24-ஆம் படிக்கு உயர்த்தி விரித்தார். வந்த எண்கள் 1, −24, 252, −1472 என்று போகின்றன. அவற்றின் போக்கில் அவர் கண்ட ஒழுங்குகளை ஊகமாக வைத்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த இழைக் கோட்பாட்டுக்காரர்கள், 26 பரிமாணத்தில் இழை எத்தனை விதமாக அதிரலாம் என்று எண்ணிப் பார்த்தபோது 1, 24, 324, 3200 என்று வந்தது. ராமானுஜனின் அதே பெருக்கலைத் தலைகீழாக, வகுத்தலாக எழுதினால் கிடைக்கும் எண்கள்தான் இவை. 1920 ஜனவரியில், சாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அவர் அறிமுகப்படுத்திய போலித் தீட்டாச் சார்புகள், 2012-இல் அதீஷ் தபோல்கர், சமீர் மூர்த்தி, டான் சாகியர் மூவரும் கருந்துளைகளின் குவாண்டம் நிலைகளை எண்ணிய ஆய்வில் மையமாக வந்து நின்றன.

நாமக்கல் நாமகிரித் தாயார் அருளால்தான் தமக்கு இவை தோன்றுகின்றன என்று ராமானுஜன் நம்பினார். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய வேண்டியதும் இல்லை, அதை வைத்துத் தேற்றத்தை ஏற்க வேண்டியதும் இல்லை. 1916-இல் அவர் சொன்ன ஊகங்களில் ஒரு பகுதியை மறு ஆண்டே மோர்டெல் நிறுவினார். கடினமான மற்றொன்றை 1974-இல்தான் பியர் டெலீன் நிறுவி முடித்தார். 58 ஆண்டுகள் அது ஊகம் என்ற பெயரிலேயே காத்திருந்தது. தாயார் தந்தது என்பதால் யாரும் சலுகை காட்டவில்லை. ராமானுஜனும் சலுகை கேட்டு எழுதவில்லை. தம் முடிவுகளைக் கணக்கறிந்தவர்கள் சரிபார்க்க வேண்டும் என்றுதான் கடல் கடந்து கடிதம் போட்டார். பக்தியும் கணக்கும் ஒரே நெஞ்சில் இருந்தன. ஒன்றுக்கு மற்றொன்று சாட்சி சொல்லவில்லை.

இந்த நிலைப்பாடு கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். நெய்வேலியிலிருந்து சாலையின் எதிர்ப்பக்கம், பண்ருட்டிக்கு அருகே திருத்துறையூர் இருக்கிறது. சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாச்சாரியாரின் ஊர். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த நூலின் சுபக்கம், இறைவனைப் பற்றியோ உயிரைப் பற்றியோ பேசுவதற்கு முன்னால் அளவை இயலை வைக்கிறது. எதை எதனால் அறிவது, எது சாட்சி, எது சாட்சியாகாது என்பதை முடிவு செய்யாமல் மேலே போகக் கூடாது என்ற ஒழுக்கம் அது. அறியும் வழிகளைப் பத்து வரை எண்ணுவோர் உண்டு என்று சொல்லி, காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் மற்றவை அடங்கும் என்கிறது சித்தியார். அந்தப் பத்தில் ஒன்று ஒப்பு. இது அது போல இருக்கிறது என்று காணும் வழி. அதற்குத் தனி நாற்காலி கிடைக்கவில்லை.

ஏழு திரையையும் ஏழு பரிமாணத்தையும் இணைக்கும் பேச்சு முழுக்க ஒப்பில் நிற்கிறது. கண்டதும் இல்லை, கருதி அடைந்ததும் இல்லை, வள்ளலார் உரைத்ததும் இல்லை. சித்தாந்தத்தின் சொந்த நீதிமன்றத்திலேயே இந்த வழக்கு நிற்காது.

அதே அளவுகோலை இயற்பியல் பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். இழைக் கோட்பாட்டிடம் இருப்பது கருதல், அதுவும் அபாரமான கருதல். 1991-இல் பிலிப் கேண்டலாஸும் நண்பர்களும், சுருண்ட ஆறு பரிமாண வடிவம் ஒன்றில் குறிப்பிட்ட வகை வளைகோடுகள் எத்தனை என்று இழைக் கோட்பாட்டு வழியில் கணக்கிட்டார்கள். முதல் இரண்டு வகைக்கு 2,875, 6,09,250 என்று வந்தது. கணிதர்களுக்கு அவை ஏற்கெனவே தெரிந்த விடைகள். மூன்றாவது வகைக்கு 31,72,06,375 என்று வந்தது. நார்வேயின் இரண்டு கணிதர்கள் கணினியில் போட்ட கணக்கு வேறு எண்ணைச் சொன்னது. பிறகு பார்த்தால் பிழை அவர்களுடைய கணினி நிரலில் இருந்தது. திருத்தியதும் இயற்பியலாளர்களின் எண்ணே வந்தது. கணித உலகம் இந்தக் கோட்பாட்டை மதிக்கத் தொடங்கியதற்கு இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் காரணம்.

ஆனால் காண்டல்? அதற்கு நெய்வேலியை விடப் பொருத்தமான பாடம் இல்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது தண்ணீரோடு கருப்பான பொருள் மேலே வந்தது. நிலத்துக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்பது அதிலிருந்து கருதி அறிந்தது. அந்தக் கருதலை வைத்து யாரும் அனல்மின் நிலையம் கட்டிவிடவில்லை. 1940-களில் துளை போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு துளையிலும் எத்தனை அடியில் பழுப்பு நிலக்கரி தொடங்குகிறது, எத்தனை அடி கனம், அதற்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர் எவ்வளவு என்று எழுதிக்கொண்டார்கள். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது, 1957-இல் தோண்டத் தொடங்கினார்கள், 1961-இல் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெயிலைப் பார்த்தது. சந்தேகத்துக்கும் நிலக்கரிக்கும் நடுவில் கால் நூற்றாண்டு.

இழைக் கோட்பாட்டின் மறைந்த பரிமாணங்களுக்கு இன்னும் அப்படி ஒரு துளை விழவில்லை. துளை போட ஆளில்லாமல் இல்லை. மறைந்த பரிமாணங்களில் சில மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாகக்கூட இருக்கலாம் என்று 1998-இல் ஒரு யோசனை வந்தது. அப்படியானால் மிகச் சிறிய தொலைவில் ஈர்ப்பு விசை நியூட்டனின் விதியிலிருந்து விலக வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் முறுக்குத் தராசு வைத்து, தலைமுடியின் தடிமன் அளவே ஆன தூரத்தில், சுமார் 50 மைக்ரோமீட்டர் வரை இறங்கி அளந்தார்கள். நியூட்டனின் விதி அப்படியே நின்றது. செர்னின் பெரிய துகள் மோதுவானும் தேடிப் பார்த்தது. கூடுதல் பரிமாணத்துக்கான தடயம் எதுவும் அகப்படவில்லை.

இந்த நிலையில், உள்ளிசைவும் கணித வளமும் மட்டுமே ஒரு கோட்பாட்டை நம்பப் போதுமா என்ற சண்டை மேலை நாட்டிலேயே நடக்கிறது. ஓரளவு போதும் என்று தத்துவவாதி ரிச்சர்ட் டேவிட் 2013-இல் புத்தகம் எழுதினார். ஜார்ஜ் எல்லிஸும் ஜோ சில்க்கும் மறு ஆண்டே ‘நேச்சர்’ இதழில் அதைக் கடுமையாக மறுத்தார்கள். சோதனையைக் கைவிட்டால் இயற்பியல் தன் பெயரை இழக்கும் என்பது அவர்கள் வாதம். இந்த விஷயத்தில் எல்லிஸ் பக்கம்தான் நியாயம். 26-ஐக் கணக்கு திணித்தது உண்மை. கணக்கு திணிப்பது கோட்பாட்டின் மேல். உலகம் அந்தக் கோட்பாட்டின்படிதான் நடக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை மண்ணில் இறங்கித்தான் கிடைக்க வேண்டும்.

அப்படியிருக்க, சோதிக்கப்படாத ஒரு கோட்பாட்டைக் கொண்டுவந்து சமயத்துக்குச் சான்றிதழ் வாங்க நினைப்பது, சமயத்துக்குச் செய்யும் கெடுதல். நாளைக்கு எம்-கோட்பாடு தவறு என்று தெரிந்தால், வடலூரின் திரைகளில் சிலவற்றைக் குறைத்துவிடுவார்களா?

வள்ளலாரின் ஏழு திரைகள் ஏழு சக்திகளைக் குறிப்பவை. கருப்பு மாயா சக்தி, நீலம் கிரியா சக்தி என்று தொடங்கி, கலப்பு வண்ணம் சிற்சக்தியில் முடிகிறது. அவை அறிவை மூடும் திரைகள். விலகக்கூடியவை, விலக்க வேண்டியவை. விலக்கும் வழி உயிர்களிடம் காட்டும் கருணை என்றார் வள்ளலார். அதைப் பேசியதோடு நிற்கவில்லை. ஞான சபைக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 1867 மே 23 அன்று, தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு அணையாமல் இன்றும் பசித்தவர்களுக்குச் சோறு வடிக்கிறது. சுருண்டுகிடக்கும் பரிமாணம் இரக்கத்தால் விரியாது. அதற்குப் பின்னால் எந்த விளக்கும் இல்லை. அது ஒரு திசை, அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றென்று சொல்பவர் வள்ளலாரை உயர்த்தவில்லை. பசியைப் பற்றி அவர் சொன்னதை மறக்கடித்து, அவர் சொல்லாத வடிவியலை அவர் வாயில் வைக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு ஒரு பெரிய கேள்வி மிஞ்சுகிறது. எண்களின் இசைவு உலகத்தின் நடப்போடு ஏன் இவ்வளவு தூரம் ஒத்துப்போக வேண்டும்? கேசிமிரின் உலோகப் பரப்புகள் முடிவில்லாத் தொடர் சொன்ன அளவிலேயே ஏன் இழுக்க வேண்டும்? ராமானுஜன் இதை இறைவனின் எண்ணம் என்று கொண்டார். நாத்திகரான ஹார்டி கணித உண்மைகள் நமக்கு வெளியே தாமாகவே இருக்கின்றன, நாம் அவற்றைக் கண்டெடுக்கிறோம் என்றார். சமயமும் இயற்பியலும் ஒன்றையொன்று மதித்து உட்கார்ந்து பேச வேண்டிய இடம் இது. எண் பொருத்தம் காட்டுகிறவர்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. வாசல் திண்ணையிலேயே கைதட்டல் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

டவுன்ஷிப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாள், தேசிய கணித தினம். அன்றைக்கு மாணவர்களுக்கு ஏழு திரைக் கதையைச் சொல்லாமல், கரும்பலகையில் ராமானுஜனின் அந்த முடிவில்லாப் பெருக்கலின் முதல் இரண்டு உறுப்புகளை (1−ய)²⁴ × (1−ய²)²⁴ என்று எழுதிப் போடுங்கள். பதினொன்றாம் வகுப்பு ஈருறுப்புத் தேற்றம் போதும். ‘ய’வின் கெழு −24 என்று உடனே வரும். ‘ய²’க்கு முதல் அடைப்பிலிருந்து 276, இரண்டாவதிலிருந்து −24, கூட்டினால் 252. ராமானுஜன் 1916-இல் அச்சிட்ட அட்டவணையின் மூன்றாவது எண் அதுதான்.